கர்ப்பகாலத் தைரொயிட்டும் மாறிக் கிடக்கும் குழந்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தாய் சேய் நலக் கிளினிக்குகளிலும் வீடுகளிலும் கர்ப்பவதிகளும் அவர்களின் குடும்பத்தினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது. தைரொயிட் குறைபாடும் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பதும் தனித்தனி விடயங்கள். ஆயினும் இரண்டிலும் காலம் தவறிக் கேட்டால் செய்யக்கூடியது குறைந்துவிடுகிறது என்பதாலும், இரண்டுக்கும் இடையில் தொடர்பு உண்டா என்று பலர் கேட்பதாலும் இவை ஒரே பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன.

என் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்கும் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் என்ன தொடர்பு?

கருவிலுள்ள குழந்தையின் தைரொயிட் சுரப்பி ஏறத்தாழ 12ஆவது வாரத்தில்தான் வேலை செய்யத் தொடங்குகிறது. தன் தேவைக்குப் போதிய அளவு ஓமோனைச் சுரக்க அதற்கு 18 முதல் 20 வாரங்கள் ஆகின்றன. அதுவரை குழந்தையின் மூளையும் நரம்புகளும் வளர்வதற்கு வேண்டிய தைரொக்சின் என்ற தைரொயிட் ஓமோன் பெரும்பாலும் தாயின் குருதியிலிருந்தே வர வேண்டும். தாய்க்குக் குறைபாடு இருந்து அதற்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், உயர் குருதியழுத்தம், குழந்தையின் நிறை குறைதல் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. முதல் மூன்று மாதங்களுக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது இதனாலேயே. ஊரில் சிலர் மூன்று மாதம் கழியும்வரை கர்ப்பத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள். அயலவருக்குச் சொல்லாமல் விடலாம். குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

நான் சில வருடங்களாகத் தைரொக்சின் குளிசை எடுத்து வருகிறேன். கர்ப்பமானால் என்ன செய்ய வேண்டும்?

குளிசையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. கர்ப்பத்தின் 4 முதல் 6 வாரத்திலேயே உடலின் தைரொக்சின் தேவை ஏறத் தொடங்கி, பெரும்பாலானவர்களுக்கு முன்பு எடுத்த அளவிலும் 25 முதல் 50 வீதம்வரை கூடுதலாகத் தேவைப்படுகிறது. மாதவிடாய் தள்ளிப்போய்ச் சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியானவுடனேயே வாரத்துக்கு 7 குளிசைக்குப் பதிலாக 9 எடுக்குமாறு, அதாவது வாரத்தில் இரண்டு நாட்களுக்கு இரட்டிப்பாக எடுக்குமாறு, வைத்தியர்கள் பலர் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். உங்களுக்கு அப்படிச் சொல்லப்படவில்லையெனில், பிள்ளைக்கு ஆயத்தமாகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் நீங்களாக அளவை மாற்ற வேண்டாம். அடுத்த கிளினிக் திகதி இரண்டு மாதம் தள்ளியிருந்தால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கர்ப்பம் என்று சொல்லி அதற்கு முன்னரே போய் வைத்தியரைக் காணுங்கள்.

அதன் பின்னர் கர்ப்பத்தின் அரைவாசிவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், 30ஆவது வாரமளவில் குறைந்தது ஒருமுறையும் குருதி பரிசோதிக்கப்பட வேண்டும். சிகிச்சையில் இருக்கும் கர்ப்பவதிக்கு ரி.எஸ்.எச் (தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஓமோன்; உடலில் தைரொக்சின் குறைந்தால் இது ஏறும்) அளவு 2.5க்குக் கீழே இருப்பதே பொதுவான இலக்கு.

குளிசையை ஒழுங்காக எடுக்கிறேன். இருந்தும் ரி.எஸ்.எச் ஏன் ஏறுகிறது?

இந்தக் கேள்விக்கான விடை பெரும்பாலும் மருந்துப் பையிலேயே இருக்கும். கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம் குளிசை, போலிக் அமிலம், விற்றமின் சி ஆகியன தரப்படுகின்றன. இரும்பும் கல்சியமும் குடலில் தைரொக்சினைப் பற்றிக்கொண்டு அது உடலில் சேராமல் தடுத்துவிடும். காலையில் எல்லாவற்றையும் ஒரே உள்ளங்கையில் கொட்டி ஒரே மிடறில் விழுங்கினால், தைரொக்சினில் கணிசமான பங்கு மலத்தோடு வெளியேறிவிடும். அந்தப் பெண் குளிசையை ஒழுங்காக எடுத்திருப்பார். வைத்தியரும் சரியான அளவையே எழுதியிருப்பார். அறிக்கை மட்டும் மோசமாக வரும்.

எனவே தைரொக்சினைக் காலையில் எழுந்தவுடன், வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் எடுங்கள். அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம்வரை தேநீரோ கோப்பியோ பாலோ உணவோ வேண்டாம். இரும்புக் குளிசைக்கும் கல்சியக் குளிசைக்கும் தைரொக்சினிலிருந்து குறைந்தது நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். அவை இரண்டும் ஒன்றையொன்று தடுப்பன என்பதால் கல்சியத்தை மதியச் சாப்பாட்டோடும், இரும்பை விற்றமின் சியுடன் இரவு படுக்கைக்கு முன்னும் எடுக்கலாம். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷாவில் சோளத்தோடு சோயாவும் பால்மாவும் சேர்ந்திருக்கின்றன. சோயாவும் தைரொக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியது. திரிபோஷாவை நிறுத்த வேண்டியதில்லை, நல்ல உணவு அது. காலைக் குளிசையோடு சேர்க்காமல் மாலையில் உருண்டை பிடித்துச் சாப்பிடுங்கள்.

காலையில் வாந்தி கடுமையாக இருந்து குளிசை வயிற்றில் நிற்காவிட்டால், கடைசி உணவுக்கு மூன்று மணித்தியாலம் கழித்து இரவில் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அப்படி மாற்றினால் இரும்புக் குளிசையைப் பகலுக்கு மாற்ற வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

தைரொக்சின் குழந்தைக்குப் பழுது செய்யாதா?

செய்யாது. உங்கள் சுரப்பி சுரக்க வேண்டிய அதே பொருளே குளிசையாக உள்ளது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் தொடரலாம். வயிற்றுப்பிள்ளைக்காரி மருந்து குடிக்கக்கூடாது என்று மாமியோ அம்மம்மாவோ அன்போடு சொன்னால், இந்த மருந்தை நிறுத்துவதே பிள்ளைக்கு ஆபத்து என்பதை அவர்களுக்கு விளக்குங்கள். கிளினிக்குக்கு அவர்களையும் அழைத்துச் சென்றால் இன்னும் நல்லது.

என் அறிக்கையில் ரி.எஸ்.எச் மிகக் குறைவாக உள்ளது. அது எதைக் குறிக்கிறது?

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் நச்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஓமோன் ஒன்று தைரொயிட் சுரப்பியையும் தூண்டுவதால், ரி.எஸ்.எச் சற்று இறங்குவது இயல்பானது. கடும் வாந்தியுள்ளவர்களிலும் இரட்டைக் குழந்தை சுமப்பவர்களிலும் அது இன்னும் கூடுதலாக இறங்கலாம். பெரும்பாலானோருக்கு இது நடுக்கர்ப்ப காலத்தில் தானாகச் சீராகிவிடும். தைரொயிட் சுரப்பைக் குறைக்கும் மருந்து தேவைப்படாது.

கழுத்து வீக்கம், கண் பிதுங்குதல், ஓய்வாக இருக்கும்போதும் நெஞ்சு படபடத்தல், கை நடுக்கம், நிறை ஏறாமை ஆகியன சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. கிரேவ்ஸ் நோய் எனப்படும் தைரொயிட் மிகைச்சுரப்புக்கு முறையான சிகிச்சை வேண்டும். அதற்காகக் காபிமசோல் குளிசை எடுக்கும் பெண்கள் கர்ப்பமானது தெரிந்த அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். 6 முதல் 10 வரையான வாரங்களில் அம்மருந்து குழந்தையின் உறுப்புகள் உருவாவதைப் பாதிக்கக்கூடியது என்பதால், கர்ப்பத்தின் முதற்பகுதியில் புரொப்பைல்தையோயுராசில் என்ற மருந்துக்கு மாற்றுவதா, சிலருக்கு மருந்தையே நிறுத்திக் கவனிப்பதா என்று நிபுணர் தீர்மானிப்பார். இவ்விரு மருந்துகளில் எதை எடுப்பவராயினும், காய்ச்சலும் தொண்டைநோவும் வந்தால் அன்றே வெண்குருதிக் கல எண்ணிக்கையைப் பார்ப்பிக்க வேண்டும்.

எல்லாக் கர்ப்பவதிகளும் தைரொயிட் பரிசோதனை செய்ய வேண்டுமா?

இதில் உலக அளவில் நிபுணர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. முன்பு தைரொயிட் நோய் அல்லது சத்திரசிகிச்சை, கழுத்து வீக்கம், குடும்பத்தில் தைரொயிட் நோய், முதலாம் வகை நீரிழிவு, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, நெடுநாள் பிள்ளையின்மை, 30க்கு மேற்பட்ட வயது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதற் கிளினிக்கிலேயே சொல்லிப் பரிசோதனையைக் கேட்பது நல்லது. தனியார் ஆய்வுகூடங்களின் அறிக்கையில் அச்சிடப்பட்டிருக்கும் எல்லைகள் பெரும்பாலும் கர்ப்பமில்லாதவர்களுக்கானவை. சிகிச்சையில் இல்லாத கர்ப்பவதிக்கு, அந்த இடத்துக்குரிய தனி எல்லை இல்லாதபோது, முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 4 வரை ஏற்கலாம் என்று அமெரிக்கத் தைரொயிட் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. அறிக்கையைக் கைப்பேசியில் படமெடுத்து உறவினருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பதால் பயம் மட்டுமே கூடும்.

உப்பு, மீன், மரவள்ளிக்கிழங்கு, கோவா பற்றி என்ன சொல்கிறீர்கள்?

கர்ப்பவதிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயடீன் தேவை. இலங்கையில் உணவுக்கு விற்கும் உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 முதல் சட்டப்படி கட்டாயம். எனினும் கல்லுப்பு அழுக்காக இருக்கிறதென்று கழுவி எடுத்தால் மேலே படிந்த அயடீனும் தண்ணீரோடு போய்விடும். மூடாத சிரட்டையில் அடுப்பருகே வைத்திருந்தாலும் குறையும். மூடியுள்ள போத்தலில் வையுங்கள். கறி இறக்கும் தறுவாயில் உப்புப் போடுங்கள். மீனும் றாலும் நண்டும் நம் கடற்கரைகளில் கிடைக்கும் நல்ல அயடீன் உணவுகள். மரவள்ளிக்கிழங்கையும் கோவாவையும் நன்றாக அவித்து, ஏனைய உணவுகளோடு அளவாகச் சாப்பிடுவதால் கேடில்லை.

குழந்தை மாறிக் கிடக்கிறது என்று ஸ்கானில் சொன்னார்கள். பயப்பட வேண்டுமா?

எத்தனையாவது வாரம் என்பதைப் பொறுத்தது. 28ஆவது வாரத்தில் நான்கைந்து குழந்தைகளில் ஒன்று தலையை மேலே வைத்திருக்கும். பிரசவ காலத்தை எட்டும்போது அப்படி இருப்பவை 100க்கு 3 அல்லது 4 மட்டுமே. ஏனையவை தாமாகத் திரும்பிவிடும். ஆகவே ஏழாம் மாத ஸ்கானைப் பார்த்து அழ வேண்டியதில்லை. 36ஆவது வாரத்திலும் பிட்டமோ காலோ கீழேயே இருந்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதற்குப் பின்னர் தானாகத் திரும்புவது முதற்பிள்ளைத் தாய்மாரில் 100க்கு ஏறத்தாழ 8 பேருக்கே.

என் தைரொயிட் குறைபாட்டினால்தான் குழந்தை திரும்பவில்லையா?

இக்கேள்விக்குப் பின்னால் ஓர் உண்மையான ஆய்வுத்தடம் உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2010இலும் 2011இலும் வெளியான ஆய்வுகளில், கர்ப்பத்தின் கடைசிக் காலத்தில் ரி.எஸ்.எச் 2.5 அல்லது அதற்கு மேல் இருந்த பெண்களிடையே குழந்தை பிட்டம் கீழாக இருப்பது சற்று அதிகமாகவும், ரி.எஸ்.எச் கூடியவர்களில் கையால் திருப்பும் முயற்சி தோற்பது சற்று அதிகமாகவும் காணப்பட்டது. தாயின் தைரொயிட் நிலை குழந்தையின் அசைவையோ தசையின் இறுக்கத்தையோ பாதிக்கக்கூடும் என்பது ஊகம். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதைத்தான் அந்த ஆய்வுகள் காட்டுகின்றன. தைரொக்சின் கொடுத்தால் குழந்தை திரும்பும் என்று நிறுவப்படவில்லை. குழந்தையைத் திருப்புவதற்காகத் தைரொக்சின் கேட்கவும் கூடாது.

குறைபாடுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோரின் குழந்தைகள் தலை கீழாகவே பிறக்கின்றன. மாறிக் கிடக்கும் குழந்தைகளின் தாய்மாரிலும் பெரும்பாலோருக்குத் தைரொயிட் குறைபாடே இல்லை. நச்சுக்கொடி கீழே இருத்தல், பன்னீர் கூடுதலாகவோ குறைவாகவோ இருத்தல், கருப்பையின் அமைப்பு, பைப்ரோயிட் கட்டி, இரட்டைக் குழந்தை, மாதம் நிறையாமை ஆகியனவே தெரிந்த காரணங்கள். பலருக்கு ஒரு காரணமும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. நீங்கள் ஒரு நாள் குளிசையைத் தவறவிட்டதால் இது நிகழ்ந்தது என்று எவரேனும் சொன்னால் அதை மனதில் ஏற்ற வேண்டாம்.

வைத்தியர் கையால் திருப்புவது எப்படி நடக்கும்?

முதற்பிள்ளையெனில் 36ஆவது வாரத்திலிருந்தும், முன்பு பெற்றவரெனில் 37ஆவது வாரத்திலிருந்தும், சத்திரசிகிச்சைக் கூடம் உள்ள வைத்தியசாலையில் அனுபவமுள்ள மகப்பேற்று வைத்தியரால் இது செய்யப்படும். முதலில் ஸ்கான் செய்து குழந்தையின் கிடை, நச்சுக்கொடி, பன்னீரின் அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கருவியில் பதிவார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுக்க வேண்டும். கருப்பை இளகுவதற்காகப் பெரும்பாலும் ஓர் ஊசி போடப்படும். அதனால் சிறிது நேரம் நெஞ்சு படபடத்து முகம் சூடேறுவது வழமை. பின்னர் வயிற்றில் களிம்பு பூசி, வைத்தியர் ஒரு கையால் குழந்தையின் பிட்டத்தை இடுப்பெலும்புக் குழியிலிருந்து மேலே உயர்த்தி, மறு கையால் தலையை வழிநடத்தி, குழந்தை முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிப்பதுபோல மெல்லத் திருப்புவார். திருப்புதல் சில நிமிடங்களே எடுக்கும். அழுத்தம் தெரியும், சிலருக்கு நோகும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள். முடிந்ததும் மீண்டும் இதயத்துடிப்பைப் பதிவார்கள்.

முதற்பிள்ளைத் தாய்மாரில் 100க்கு 40 பேரளவிலும், முன்பு பெற்றவர்களில் 60 பேரளவிலும் குழந்தை திரும்புகிறது. திரும்பிய குழந்தை மறுபடி மாறுவது 100க்கு 5க்கும் குறைவு. திருப்பியதைத் தொடர்ந்து அவசர சிசேரியன் தேவைப்படுவது 200 பேரில் ஒருவரளவில். அதற்காகவே இது வைத்தியசாலைக்குள் மட்டும் செய்யப்பட வேண்டும். குழந்தை மாறிக் கிடக்கிறது என்றவுடன் சிசேரியனுக்குத் திகதி குறிப்பதே வழி என்று பல குடும்பங்கள் எண்ணிவிடுகின்றன. திருப்பிப் பார்க்கலாமா என்று 36ஆவது வாரக் கிளினிக்கில் நீங்களாகவே கேட்க வேண்டும். முதற்பிள்ளைக்குச் சிசேரியனைத் தவிர்க்க முடிந்தால் அடுத்தடுத்த பிரசவங்களுக்கும் அது உதவும்.

யாருக்கு இது பொருந்தாது?

நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பவர்கள், அண்மையில் குருதிப்போக்கு ஏற்பட்டவர்கள், பன்னீர்க்குடம் உடைந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவில் கோளாறு உள்ளவர்கள், வேறு காரணத்தால் எப்படியும் சிசேரியன் தேவைப்படுபவர்கள் ஆகியோருக்குச் செய்யப்படாது. முன்பு ஒரு சிசேரியன் நடந்திருப்பது மட்டும் தடையாகாது. வைத்தியர் உங்களைப் பார்த்துத் தீர்மானிப்பார்.

தைரொயிட் நோயாளர் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது. கருப்பையை இளக்கும் ரேர்பியுற்றலின், சல்பியுற்றமோல் போன்ற ஊசிகள் இதயத்தை வேகமாகத் துடிக்க வைப்பவை. கட்டுப்பாட்டுக்குள் வராத தைரொயிட் மிகைச்சுரப்பு உள்ளவருக்கு அவை ஆபத்தானவை. ஊசிக்கு முன் உங்கள் நோயையும் மருந்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். குறைபாட்டுக்குத் தைரொக்சின் எடுத்துச் சீராக இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. குருதி வகை மறை (நெகற்றிவ்) எனில், திருப்பிய பின்னர் 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி ஊசி தேவை.

வயிறு தடவித் திருப்புகிற அம்மாவிடம் போகலாமா?

போக வேண்டாம். இதைத் தயக்கமின்றிச் சொல்கிறோம். அந்தக் கைகளுக்கு அனுபவம் இருக்கலாம், நல்லெண்ணமும் இருக்கலாம். நச்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, கொடி கழுத்தில் சுற்றியிருக்கிறதா, தடவும்போது குழந்தையின் இதயம் எப்படித் துடிக்கிறது என்பவற்றை அறிய அவருக்கு வழியில்லை. நச்சுக்கொடி கழன்று குருதி பெருகினால் நிமிடங்களில் தாயும் பிள்ளையும் ஆபத்துக்குள்ளாவர். முழங்காலில் குனிந்து நெஞ்சைத் தாழ்த்திப் படுக்கும் பயிற்சியால் குழந்தை திரும்பும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. உங்களுக்கு வசதியாக இருந்தால் செய்வதில் தீங்கில்லை. அதை நம்பி 36ஆவது வாரத்தைக் கடத்திவிடாதீர்கள்.

திருப்ப முடியாவிட்டால்?

இரண்டு வழிகள் உண்டு: ஏறத்தாழ 39ஆவது வாரத்தில் திட்டமிட்ட சிசேரியன், அல்லது தகுந்தவர்களைத் தெரிந்தெடுத்து, பயிற்சி பெற்றவரின் கையில் இயல்பான பிரசவம். 26 நாடுகளில் 2088 பெண்களைச் சேர்த்து நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், சிசேரியன் திட்டமிடப்பட்டவர்களின் குழந்தைகளில் 1.6 வீதமும், இயல்பான பிரசவம் திட்டமிடப்பட்டவர்களின் குழந்தைகளில் 5 வீதமும் இறப்பையோ கடும் பாதிப்பையோ சந்தித்தன. அதன் பின்னரே உலகெங்கும் சிசேரியன் பெருகியது. அந்த ஆய்வு நடந்த முறை பற்றிய விமர்சனங்களும் உண்டு. பிரித்தானிய மகப்பேற்று நிபுணர் கல்லூரி தரும் மதிப்பீட்டின்படி, குழந்தை இறக்கும் வாய்ப்பு திட்டமிட்ட சிசேரியனில் 1000க்கு 0.5, பிட்டம் கீழான திட்டமிட்ட இயல்பான பிரசவத்தில் 1000க்கு 2, தலை கீழான இயல்பான பிரசவத்தில் 1000க்கு 1. கால் முன்னே வரும் நிலையில் இயல்பான பிரசவத்துக்கு முயல்வதில்லை.

நாங்கள் தீவுப்பகுதியில் இருக்கிறோம். என்ன ஆயத்தம் வேண்டும்?

நெடுந்தீவில் இருப்பவர் குறிகாட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் வர வேண்டும். மாரிகாலத்தில் கடல் இடம் தராது. குழந்தை மாறிக் கிடக்கும் நிலையில் பன்னீர்க்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முன்னே வழுக்கி விழக்கூடும். அப்போது ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. ஆகவே தீவுப் பெண்கள் திகதிக்கு முன்னரே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் அனுமதி பெறுவது பற்றியோ, நகரிலுள்ள உறவினர் வீட்டில் தங்குவது பற்றியோ வைத்தியரிடம் பேச வேண்டும். குடாநாட்டுக்குள் இருப்பவர்கள் பன்னீர்க்குடம் உடைந்தவுடன், வலிக்காகக் காத்திராமல், 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். கொடி வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ள முயலாமல், முழங்காலில் குனிந்து பிட்டத்தை உயர்த்தியபடி இருங்கள்.

பிள்ளை பிறந்த பின்னர் எதைக் கவனிக்க வேண்டும்?

தைரொக்சின் அளவைப் பொதுவாகக் கர்ப்பத்துக்கு முன்பிருந்த அளவுக்குக் குறைத்து, 6 வாரத்தில் மீண்டும் குருதி பார்ப்பார்கள். முன்பு தைரொயிட் நோயே இல்லாத தாய்மாரிலும் 100க்கு 5 பேரளவில் பிரசவத்துக்குப் பிந்திய முதலாண்டில் தைரொயிட் அழற்சி வரலாம்: சில மாதங்கள் படபடப்பும் மெலிவும், பின்னர் கடும் களைப்பும் மனச்சோர்வும் முடி உதிர்வும். 'பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டார் ஆறுதல் சொல்லிவிடுவதால் இது பலருக்குக் கண்டறியப்படாமல் போகிறது. களைப்பு நீடித்தால் ஒரு ரி.எஸ்.எச் பரிசோதனை கேளுங்கள்.

குழந்தைக்கு, பிறவித் தைரொயிட் குறைபாட்டைக் கண்டறியக் குதிக்காலில் குத்திச் சில துளி குருதி எடுக்கப்பட்டதா என்று வைத்தியசாலையை விட்டு வருமுன் கேட்டு உறுதிசெய்யுங்கள். குறைபாடு இருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி காக்கப்படும். கடைசி மாதத்தில் மாறிக் கிடந்த குழந்தைக்கு, பின்னர் திரும்பிப் பிறந்திருந்தாலும், இடுப்பு மூட்டு விலகியிருக்கும் வாய்ப்பு கூடுதலாக உள்ளதால் 6 வாரமளவில் இடுப்பு ஸ்கான் செய்விப்பது நல்லது. அதுவரை கால்களை நீட்டி இறுக்கித் துணியால் சுற்றாமல், தவளைக்கால்போல மடங்கி அகன்றிருக்க விடுங்கள்.